தேன் இஞ்சி பியர்: இனிப்பும் நிற்கவேண்டும், போத்தலும் வெடிக்கக்கூடாது

வணக்கம். திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் காட்டுத்தேன் போட்டு இஞ்சி பியர் புளிக்கவைக்கிறோம். வாசம் அருமை, ஆனால் இனிப்பு நிற்பதில்லை. எவ்வளவு தேன் சேர்த்தாலும் ஈஸ்ட் அதையும் தின்று காற்றாக்கிவிடுகிறது. மூடிய போத்தலுக்குள் அந்தக் காற்றுக்குப் போக வழி ஏது? இந்த வெயிலில் கண்ணாடிப் போத்தல் பக்கமே போவதில்லை.

பிளாஸ்டிக் சோடாப் போத்தலில்தான் அடைக்கிறோம். விரலால் அமுக்கிப் பார்த்து, கல்லுப்போல் இறுகியதும் பிரிட்ஜில் வைத்துவிடுவோம். ஆனால் குளிரில் ஈஸ்ட் அடங்குமே தவிர சாகாது; கரண்ட் நீண்டநேரம் போனால் மறுபடி தொடங்கிவிடும்.

கனடாவில் இருக்கும் மச்சான் தேன் மது செய்பவர் (அங்கே வீட்டுத் தேவைக்கு அனுமதி உண்டு, இங்கே அந்தப் பேச்சே வேண்டாம்). முழுதாகப் புளித்துத் தெளிந்தபின் ஈஸ்ட் மறுபடி பெருகாமல் தடுக்கப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டும் சோர்பேட்டும் போட்டு, அப்புறம் தேன் சேர்த்து, சிலிண்டரிலிருந்து காபனீரொட்சைட்டு ஏற்றுகிறார். சிலிண்டருக்கு நான் எங்கே போவேன்?

எனக்குச் சரிவரும் வழி இதுதான்: முழுதாகப் புளிக்கவிட்டு, காற்றுக்கு லீற்றருக்கு 6 கிராம் சீனி மட்டும் நிறுத்துப் போட்டு அடைப்பது, இனிப்புக்கு ஈஸ்ட் தின்னாத எரித்ரிட்டால் என்ற இனிப்பூட்டி. அது டவுனில் எங்காவது கிடைக்குமா? ஸ்டீவியா போட்டவர்கள் இருந்தால், கடைசியில் கசக்கிறதா? ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளந்து மிச்சச் சீனியை அறியும் கருவி) இல்லாமல், புளிப்பு முடிந்ததை எப்படி உறுதிசெய்கிறீர்கள்?

போத்தலைச் சுடுநீரில் வைத்து ஈஸ்ட்டைக் கொல்லும் யோசனை மட்டும் வேண்டாம். காற்று நிறைந்த போத்தலை அடுப்பில் வைக்க அம்மா விடமாட்டா.