ரோடியர் மில்லில் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். அப்பா புதுச்சேரி கடலூர் ரோட்டில் இருந்த ஏ.எஃப்.டி. மில்லில், அதாவது பழையவர்கள் ரோடியர் மில் என்று சொல்வார்களே, அங்கே நெசவுப் பிரிவில் இருந்தார். அடுத்த மாதம் அவருக்கு முதல் வருஷத் திதி.

ஒரு உதவி வேண்டும். அவர் வேலை செய்யும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது ஓடு பறந்து, பெட்டியிலிருந்த போட்டோக்கள் எல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டுவிட்டன.

நைட் ஷிப்டு முடிந்து வந்தால் புருவத்திலும் காது மடலிலும் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். குளிக்கக்கூடப் போகாமல் எங்களைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் படுப்பார். தறிச் சத்தத்திலேயே இருந்ததால் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். கடைசிக் காலத்தில் காது சரியாகக் கேட்காது. ஆனாலும் பேத்தி வாயசைத்தால் போதும், புரிந்துகொள்வார். தறிகளுக்கு நடுவே அப்படித்தான் பேசிக்கொள்வார்களாம். பாவம், அவள் இன்னமும் தாத்தா படத்தைப் பார்த்துச் சத்தமில்லாமல் வாயசைக்கிறாள்.

1980, 90-களில் நெசவுப் பிரிவில் இருந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் யாராவது இருந்தால், ஆயுத பூஜை குரூப் போட்டோ, தறிக்கூடப் படம் எது கிடைத்தாலும் அனுப்புங்கள். அப்பா அதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம், அந்த ஷிப்டுகளைப் பற்றி ஞாபகம் இருப்பதைப் பேசி அனுப்பினாலும் போதும், பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவேன்.