ஹெச்-1பி விசாவில் இருப்பவர் நெய்பர்ஹுட் கவுன்சில் தேர்தலில் ஓட்டுப் போடலாமா?

"லாஸ் ஏஞ்சலஸ் வந்து நாலு மாதம் ஆகிறது. அபார்ட்மென்ட் கதவில் ஒரு தாளைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். 'நெய்பர்ஹுட் கவுன்சில் தேர்தல், நீங்களும் வாக்களிக்கலாம்' என்று போட்டிருக்கிறது. நான் ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறேன். ஓட்டு என்றாலே பயமாக இருக்கிறது. இது என்ன அமைப்பு? வீட்டு உரிமையாளர் சங்கமா? மாதச் சந்தா கேட்பார்களா?"

தம்பி, போடலாம். சந்தா கிடையாது. அது வீட்டு உரிமையாளர் சங்கம் இல்லை, பகுதி மக்கள் நகராட்சிக்கு ஆலோசனை சொல்லும் அமைப்பு. ஆனால் அந்தப் பயத்தை முழுசாக விட்டுவிடாதீர்கள், அதுவும் ஒரு விதத்தில் தேவைதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். கவுன்சில் என்றதும் நமக்கு வார்டு கவுன்சிலர் ஞாபகம் வந்துவிடும். தண்ணீர் வரவில்லை என்றால் காலையிலேயே அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இங்கே அந்த இடத்தில் இருப்பது சிட்டி கவுன்சில். 38 லட்சம் பேர் வாழும் ஊருக்கு மொத்தமே 15 உறுப்பினர்கள். ஆளுக்கு இரண்டரை லட்சம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் போய் நிற்பதெல்லாம் நடக்கிற காரியமா? 1990களில் நகரின் வடக்கே சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குப் பக்கம் இருந்தவர்கள், டவுன்டவுனில் இருக்கும் நகராட்சி எங்களைக் கண்டுகொள்வதே இல்லை, தனி நகரமாகப் பிரிந்து போகிறோம் என்று கிளம்பினார்கள். அந்தச் சூட்டில்தான் 1999இல் நகரின் சாசனத்தைத் திருத்தி எழுதி மக்கள் வாக்குக்கு விட்டார்கள். நெய்பர்ஹுட் கவுன்சில் அதில் பிறந்தது. பிரிந்து போக நினைத்தவர்கள் 2002 வாக்கெடுப்பில் தோற்றுப்போனார்கள், கவுன்சில்கள் தங்கிவிட்டன. முதலில் அங்கீகாரம் வாங்கியது துறைமுகத்தை ஒட்டிய வில்மிங்டன், 2001 டிசம்பரில். இப்போது 99 இருக்கின்றன.

வீட்டு உரிமையாளர் சங்கம் வேறு. காண்டோ என்ற அடுக்குமாடி வீட்டை வாங்கினால் அதில் சேர்ந்தே ஆக வேண்டும். மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், பால்கனியில் துணி காயப்போட்டால் அபராதம் போடுவார்கள். நெய்பர்ஹுட் கவுன்சில் யாருக்கும் அபராதம் போட முடியாது. உண்மையைச் சொன்னால், யாரையும் எதையும் செய்ய வைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆலோசனை சொல்லும் அமைப்பு, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் போனவர்கள் இரண்டு கூட்டத்தோடு வெறுத்துப்போய் நின்றுவிடுகிறார்கள்.

அடுத்து, நீங்கள் இருப்பது லாஸ் ஏஞ்சலஸ் நகரம்தானா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டிக்குள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 88 தனித்தனி நகரங்கள் இருக்கின்றன. நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் செரிட்டோஸ், ஆர்டீஷியா, டோரன்ஸ் எல்லாம் தனி நகரங்கள். கல்வர் சிட்டியும் சாண்டா மோனிகாவும் அப்படியே. அங்கே இந்த ஏற்பாடு கிடையாது, அவரவர் நகர மன்றம்தான். அர்வைன் நகரம் என்றால் கவுன்ட்டியே வேறு. தபால் முகவரியில் 'லாஸ் ஏஞ்சலஸ்' என்று இருப்பதை நம்பக் கூடாது, எந்த நகரத்திலும் சேராத பகுதிகளுக்கும் அதே பெயர் வரும். நகராட்சியின் ஸீமாஸ் என்ற வரைபடத் தளத்தில் வீட்டு எண்ணைப் போட்டால் எந்த நெய்பர்ஹுட் கவுன்சில் என்று வந்துவிடும். எதுவும் வரவில்லை என்றால் கதவில் இருந்த தாள் உங்களுக்கானது இல்லை.

சரி, உள்ளே எப்படி நடக்கிறது? ஒவ்வொரு கவுன்சிலுக்கும் 'பைலாஸ்' என்று ஒரு விதித்தொகுப்பு உண்டு. எல்லை எந்தத் தெரு வரை, எத்தனை இருக்கைகள், கூட்டம் நடக்கக் குறைந்தது எத்தனை பேர் (கோரம்) வேண்டும், யார் எந்த இருக்கைக்கு நிற்கலாம், எல்லாம் அதில் இருக்கும். வாடகைக்கு இருப்பவர், வீட்டுக்காரர், வியாபாரி, மாணவர் என்று இருக்கைகளைப் பிரித்து வைத்திருப்பார்கள். சில இடங்களில் 14 வயதுப் பிள்ளைக்குக்கூட இளைஞர் இருக்கை உண்டு. எந்த ஒரு தரப்பும் வாரியத்தில், அதாவது கவுன்சிலின் உறுப்பினர் குழுவில், பாதிக்கு மேல் பிடித்துவிடக் கூடாது என்பது நகரம் முழுமைக்குமான விதி. ஆனால் காகிதத்தில் இருப்பது வேறு, கூட்டத்தில் கண்ணால் பார்ப்பது வேறு. இந்த ஊரில் பாதிக்கு மேல் வாடகைக் குடித்தனம்தான், ஆனாலும் பல கவுன்சில்களில் சொந்த வீட்டுக்காரர்கள்தான் கூட்டம் தவறாமல் வருகிறார்கள், அவர்கள் பேச்சுதான் எடுபடுகிறது. நேரம் இருப்பவர் வருகிறார், வருபவர் பேசுகிறார்.

தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று நாலு பதவிகள். சம்பளம் யாருக்கும் இல்லை. கீழே கமிட்டிகள். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: பொதுக்கூட்டத்துக்கு முன்னால் நில உபயோகக் கமிட்டிக் கூட்டம் ஒன்றுக்குப் போய் உட்காருங்கள். எந்த மூலையில் ஏழு மாடி வருகிறது, எந்தக் கடை மது உரிமம் கேட்கிறது, எங்கே மரம் வெட்டப்போகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் முதலில் வரும். கட்டுமான நிறுவனத்தின் ஆள் வரைபடத்தைத் திரையில் போட்டுக்கொண்டு எட்டுப் பேருக்கு முன்னால் கெஞ்சாத குறையாக விளக்குவார். முடிவெடுக்கும் அதிகாரம் அந்த எட்டுப் பேருக்கு இல்லை. ஆனால் கவுன்சில் ஆதரிக்கிறதா எதிர்க்கிறதா என்பதை அடுத்த மேசையில் கேட்பார்கள், அதுதான் அவருடைய கவலை.

எழுத்தில் ஒரு ஆயுதமும் உண்டு. 'கம்யூனிட்டி இம்பாக்ட் ஸ்டேட்மென்ட்' என்பார்கள். சிட்டி கவுன்சிலில் ஒரு விஷயம் கோப்பாக ஓடிக்கொண்டிருந்தால், நெய்பர்ஹுட் கவுன்சில் வாக்கெடுத்துத் தன் நிலைப்பாட்டை அந்தக் கோப்பிலேயே சேர்த்துவிடலாம். நாம் தனியாக அனுப்பும் நூறு மின்னஞ்சல்களோடு கலந்து காணாமல் போகாது.

என் முதல் கூட்டத்தைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் செம்புக் கம்பியைத் திருடிக்கொண்டு போனதில் விளக்குகள் வரிசையாக அணைந்துவிட்டன. நகராட்சியின் 311 எண்ணுக்குப் புகார் கொடுத்தேன், புகார் எண் வந்தது, வெளிச்சம் வரவில்லை. யாரோ சொன்னார்கள் என்று நெய்பர்ஹுட் கவுன்சில் கூட்டத்துக்குப் போனேன். நூலகத்தின் பின்னறை, மடக்கு நாற்காலிகள், கதவுக் கண்ணாடியில் டேப் ஒட்டிய நிகழ்ச்சி நிரல். என் முறை வந்ததும் ஃபோனில் இரண்டு நிமிடம் ஓடவிட்டார்கள். பேசினேன், நன்றாகவே பேசினேன். முன்னால் உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் என்னையே பார்த்தார்கள். "நன்றி, அடுத்தவர்" என்றார் தலைவர். கல்லிடம் சொன்ன மாதிரி இருந்தது. எழுந்து வந்துவிடலாம் என்று பையை எடுத்தபோது, வாரியத்தில் இருந்த ஒரு வயதான அம்மா இடைவேளையில் பக்கத்தில் வந்தார். நாங்கள் பேசாமல் இருந்தது மரியாதைக் குறைவால் இல்லை, நிரலில் இல்லாததை விவாதித்தால் சட்டத்தை மீறியதாகும் என்றார்.

அந்தச் சட்டம் பிரவுன் ஆக்ட், 1953இல் வந்த கலிஃபோர்னியாச் சட்டம். ஊர் மன்றங்கள் மூடிய அறையில் முடிவெடுப்பதைத் தடுக்க வந்தது. வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரம் முன்னதாக நிரலை ஒட்ட வேண்டும், சிறப்புக் கூட்டம் என்றால் 24 மணி நேரம். நிரலில் இல்லாததற்கு உறுப்பினர்கள் ஓரிரு வார்த்தை பதில் சொல்லலாம், அதற்கு மேல் விவாதமோ தீர்மானமோ கூடாது. நிரலில் இல்லாவிட்டாலும், கவுன்சிலின் வரம்புக்குள் வரும் எதையும் நாம் பொதுக் கருத்து நேரத்தில் பேசலாம். வாசலில் வருகைப் பதிவேடு வைத்திருந்தாலும் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லக் கூடாது. விசா நினைப்பில் பெயர் எழுதத் தயங்குகிறவர்களுக்கு இது முக்கியம்.

அப்புறம் அந்த அம்மா சொன்னபடி செய்தேன். புகார் எண், தெருவின் இரண்டு முனைகள், அணைந்த கம்பங்களின் எண்கள், இவற்றை எழுதி, அடுத்த மாத நிரலில் சேர்க்கும்படி தலைவருக்கும் செயலாளருக்கும் அனுப்பினேன். எட்டாவது பொருளாக வந்தது. கடிதம் எழுதத் தீர்மானம் நிறைவேறியது. கூட்டத்துக்கு வந்திருந்த சிட்டி கவுன்சிலர் அலுவலகத்துப் பையன் என் தாளைப் படம் எடுத்துக்கொண்டான். ஐந்து மாதம் கழித்து விளக்கு எரிந்தது. தீர்மானத்தால் எரிந்ததா, வரிசையில் எங்கள் முறை வந்ததால் எரிந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அக்கா, இவர்களிடம் பணம் இருக்கிறது என்கிறார்களே, எங்கள் தமிழ்ப் பள்ளிக்குக் கிடைக்குமா?"

கிடைக்க வழி உண்டு. நகராட்சி ஒவ்வொரு கவுன்சிலுக்கும் ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்கும். ஒரு காலத்தில் 42,000 டாலர் இருந்தது, பிறகு 32,000 ஆகக் குறைந்தது. நகரின் பட்ஜெட்டைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து 501(சி)(3) என்ற வரிவிலக்குப் பதிவுள்ள லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் 'நெய்பர்ஹுட் பர்ப்பஸஸ் கிராண்ட்' என்ற நிதியுதவி கொடுக்கலாம். பதிவு இல்லாத வாட்ஸ்அப் சங்கத்துக்குக் கிடையாது. நிகழ்ச்சி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், அந்தப் பகுதி மக்களுக்குப் பயன்பட வேண்டும். மதப் பிரசாரத்துக்குப் பொதுப்பணம் கிடைக்காது, பூஜை செலவை அதில் நுழைக்கப் பார்க்காதீர்கள். விண்ணப்பம் நிரலில் வந்து வாக்கெடுப்பில் தேற வேண்டும், அதன் பிறகு சிட்டி கிளர்க் அலுவலகம் சரிபார்த்துப் பணம் தரும். விழாவுக்கு மூன்று வாரம் முன்னால் ஓடிப்போய்க் கேட்டால் நடக்காது. பள்ளி நிர்வாகத்தில் இருப்பவரே கவுன்சிலிலும் இருந்தால் அந்த வாக்கெடுப்பில் அவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பொருளாளர் மாதாமாதம் செலவுக் கணக்கை வாரியத்தின் முன் வைப்பார், நாமும் எடுத்துப் பார்க்கலாம். நான் பார்ப்பேன். பேனாவுக்கும் கைப்பைக்கும் லோகோ போடுவதற்கு எவ்வளவு போகிறது என்று பார்த்தால் வயிறு எரியும்.

"நானே வாரியத்தில் சேர முடியுமா?"

தேர்தல் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாதியில் விலகியவர்களின் இருக்கைகள் காலியாகக் கிடக்கும், விண்ணப்பித்தால் வாரியமே வாக்கெடுத்து நியமிக்கும். நான் அப்படித்தான் நுழைந்தேன். நெறிமுறை, நிதி, நடத்தை விதி என்று இணையப் பயிற்சிகள் உண்டு. முடிக்காவிட்டால் வாக்குரிமை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சேர்ந்த முதல் மாதமே வாங்கிக் கட்டிக்கொண்டேன். நம் பழக்கம்தான், உறுப்பினர்கள் எல்லோரையும் சேர்த்து வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, "முனைக்கடை மது உரிமம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் செயலாளர் போன் செய்தார். உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் கூட்டத்துக்கு வெளியே ஒரு விஷயத்தைப் பேசினால் அதுவே சட்டவிரோதக் கூட்டம். ஒருவர் மற்றவரிடம், அவர் இன்னொருவரிடம் என்று சங்கிலியாகப் போனாலும் அதே கதைதான். மின்னஞ்சலில் எல்லோருக்கும் பதில் அனுப்புவதும் அப்படியே. வாரிய விஷயமாக இன்னொரு உறுப்பினர் ஃபேஸ்புக்கில் போட்டதற்கு லைக் போட்டால்கூட வம்பு. குழுவைக் கலைத்தேன். அடுத்த கூட்டத்தில் அதை வாயால் சொல்லிப் பதிவும் செய்தேன்.

இப்போது அந்த ஓட்டு விஷயம். இந்தத் தேர்தலில் வாக்காளருக்கு 'ஸ்டேக்ஹோல்டர்' என்று பெயர். அந்த எல்லைக்குள் குடியிருந்தாலோ, வேலை செய்தாலோ, சொத்து வைத்திருந்தாலோ போதும். பள்ளி, வழிபாட்டிடம், சமூக அமைப்பு என்று தொடர்ந்த ஈடுபாடு இருப்பவர்களுக்கும் வழி உண்டு. குடியுரிமை கேட்பதில்லை. ஹெச்-1பி, எஃப்-1 (மாணவர் விசா), ஹெச்-4 (ஹெச்-1பிகாரரின் குடும்ப விசா) யாரும் போடலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒற்றைப்படை ஆண்டுகளில் சிட்டி கிளர்க் நடத்துகிறார். தபால் வாக்கு வேண்டும் என்றால் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ கையில் வைத்திருங்கள்.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். மாநில வாக்காளர் பட்டியல் முற்றிலும் வேறு, அதில் சேரக் குடியுரிமை வேண்டும். லைசென்ஸ் எடுக்க டிஎம்வி என்ற வாகனத் துறை அலுவலகத்துக்குப் போகும்போது படிவத்தில் 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்ற கட்டத்தில் கை தவறிக்கூட டிக் அடிக்காதீர்கள். மால் வாசலில் கிளிப்போர்டோடு நிற்பவர் "ஒரே ஒரு கையெழுத்து" என்று நீட்டினாலும் எதற்கென்று படிக்காமல் போடாதீர்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாகப் பதிவானால் கிரீன் கார்டு வாய்ப்பே போய்விடலாம், நாடு கடத்தவும் சட்டத்தில் இடம் உண்டு. நெய்பர்ஹுட் கவுன்சில் ஓட்டு அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் நாளைக்குக் குடியுரிமை விண்ணப்பத்தில் 'எந்தத் தேர்தலிலாவது வாக்களித்தீர்களா' என்ற கேள்வி வரும். அதனால் தேர்தல் அறிவிப்பையும் நீங்கள் அனுப்பிய படிவத்தின் நகலையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அந்த நேரத்தில் வக்கீலிடம் காட்டினால் எப்படிப் பதில் எழுதுவது என்று சொல்வார். மனசு உறுத்துகிறது என்றால் இந்த முறை ஓட்டை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு மட்டும் போங்கள், அதற்கு எந்தப் படிவமும் கிடையாது. ஜூமில் நடத்துகிற கவுன்சில்களும் உண்டு, நிரலின் முதல் பக்கத்திலேயே இணைப்பு இருக்கும்.