சிங்கப்பூரிலிருந்து சென்னை, 7 வயதும் 2 வயதுமாக இரண்டு பிள்ளைகள்: எதைத் தயார் செய்யணும்?

தோபாயோ_அம்மா:
வணக்கம். கணவருக்குச் சென்னையில் மூன்று வருட வேலை, மே கடைசியில் வருகிறோம். நால்வருக்கும் சிங்கப்பூர் பாஸ்போர்ட், வேலை விசாவும் குடும்ப விசாவும். துரைப்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு பார்த்திருக்கிறோம், முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. மகள் தொடக்கநிலை 1, மகனுக்கு 2 வயது, 12 கிலோ. வீட்டில் தமிழ்தான், அதனால் பேச்சுக்குப் பயமில்லை. இங்கே குழாயைத் திறந்து அப்படியே குடிப்போம், அங்கே என்ன செய்வது? காய்ச்சல் மருந்து மூட்டை கட்டி வரணுமா? மகளை எந்த வகுப்பில் போடுவார்கள்? கார் சீட் கொண்டுவரலாமா? "வாங்க, பாத்துக்கலாம்" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். விவரமாகச் சொல்பவர்கள் சொல்லுங்கள்.

சம்ப்_மோட்டார்:
முன்பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி அசோசியேஷன்ல ஒண்ணே ஒண்ணு கேளுங்க: சம்ப்ல (தரைக்கு அடியில இருக்கற தொட்டி) விழறது மெட்ரோ தண்ணியா (குடிநீர் வாரியம் தர்றது), லாரித் தண்ணியா, போர் தண்ணியா (ஆழ்துளைக் கிணறு)? நீங்க பாத்திருக்கற துரைப்பாக்கம் மாதிரி ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் பல பிளாட்ல ரெண்டு மூணு கலந்துதான் ஓடும், கோடையில போர் வத்த வத்த லாரி பங்கு ஏறும். நெம்மேலியில கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை 2013ல ஒண்ணு, 2024ல நாளுக்கு 15 கோடி லிட்டர்ல இன்னொண்ணு வந்தாச்சு. ஆனா உங்க கட்டடத்துக்கு இணைப்பு இருக்காங்கறதுதான் விஷயம்.

தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பை அளக்க, பேனா அளவுல டி.டி.எஸ். மீட்டர் விக்குது. வீடு பாக்கப் போகும்போதே கிச்சன் குழாய்ல ஒரு டம்ளர் பிடிச்சு அளந்துடுங்க. லிட்டருக்கு 500 மி.கி.க்குள்ள இருந்தா, ஐ.எஸ். 10500ங்கற இந்தியக் குடிநீர்த் தரப்படி ஏத்துக்கற அளவு. உப்பை வடிக்கற ஆர்.ஓ. வேண்டாம், விளக்கொளியில கிருமியைக் கொல்ற யு.வி. ஃபில்டரே போதும். ஆயிரத்தைத் தாண்டினா ஆர்.ஓ. போட்டுத்தான் ஆகணும். ஷவர் ஓட்டை வெள்ளையா அடைக்கும், கீசர் காயில் உப்பு பிடிக்கும், அதுக்கும் தயாரா இருங்க. லாரி மாறினா எண்ணும் மாறும், ஒரு தடவை அளந்ததை வச்சு நம்பிடாதீங்க. இன்னொண்ணு, மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. 60 காட்டற தண்ணியிலயும் வயித்துப்போக்கு வரும்.

ஆர்.ஓ. மாட்ட வர்ற பையன் "டேஸ்ட் வரணும்"னு ஒரு ஸ்க்ரூவைத் திருகுவார். அது மெம்பரேன் (உப்பை வடிக்கற சவ்வு) வழியா போகாத தண்ணியைக் கலக்கற திருகு. கலந்த தண்ணி யு.வி. விளக்கைத் தாண்டித்தான் குழாய்க்கு வருதான்னு கேட்டுக்குங்க. மாடலுக்கு மாடல் இது மாறும். வெளிய வர்ற தண்ணி 80லேருந்து 150க்குள்ள நின்னா சரி. வெளியில தொங்கற ப்ரீஃபில்டர்ல வெள்ளை நூல் சுத்தின கேண்டில் இருக்கும். காப்பி கலர் ஆனா மாத்துங்க, சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு லிட்டர் கழிவு போகும், அந்தக் குழாய்க்குக் கீழ பக்கெட் வச்சா வீடு துடைக்க ஆகும்.

மிஷின் வர்ற வரைக்கும் 20 லிட்டர் கேன். மூடி சீல், தேதி, ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதோட ஐ.எஸ். 14543 எண், நாலையும் பாத்து வாங்குங்க. கீறல் விழுந்து மங்கின கேனைத் திருப்பி அனுப்புங்க, கடைக்காரர் முனகினாலும் பரவாயில்லை. சின்னவருக்குப் பல் தேய்க்கவும் ஃபில்டர் தண்ணியே ஒரு மக்ல வைங்க. ரெண்டு வயசுல கொப்பளிக்கறதைவிட முழுங்கறதுதான் ஜாஸ்தி.

மருந்துச்சீட்டு:
மேடம், மூட்டை கட்ட வேண்டாம், பாராசிட்டமால் தெருவுக்குத் தெரு கிடைக்கும். பாட்டிலில் எழுதியிருக்கும் அடர்த்தியை மட்டும் படிக்காமல் கொடுக்காதீர்கள். இங்கே 5 மில்லிக்கு 120 அல்லது 125 மி.கி. சிரப், 5 மில்லிக்கு 250 மி.கி. சிரப், கைக்குழந்தைகளுக்கு 1 மில்லிக்கு 100 மி.கி. டிராப்ஸ் என்று மூன்று வகை வரும். அட்டைப்பெட்டி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் உங்கள் மகனுக்கு ஒரு வேளைக்கு 180 மி.கி. அது 120 சிரப்பில் 7.5 மில்லி, 250 சிரப்பில் 3.6 மில்லி, டிராப்ஸில் 1.8 மில்லி. பழக்கத்தில் 7.5 மில்லி என்று மனதில் வைத்துக்கொண்டு 250 சிரப்பை ஊற்றினால் இரட்டிப்புக்கு மேல் போய்விடும், டிராப்ஸை ஊற்றினால் நாலு மடங்கு. இரண்டு வேளைக்கு நடுவில் 6 மணி நேரம், நாளுக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. சமையல் ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.

காய்ச்சல் இறங்கவில்லை என்றால் கடையில் இபுப்ரோஃபென் கலந்ததையோ மெஃபெனமிக் ஆசிட் சிரப்பையோ எடுத்துக் கொடுப்பார்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை இரண்டும் வேண்டாம், ரத்தக்கசிவுக்கு வழிவிடும். நிமசுலைட் என்ற காய்ச்சல் மருந்து 12 வயதுக்குக் கீழ் 2011லேயே தடை. குளோர்பெனிரமைனும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்து 4 வயதுக்குள் கூடாது என்று லேபிளில் போட வேண்டும் என 2023 டிசம்பரில் உத்தரவே வந்தது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் டெங்குவும் கூடும். காய்ச்சல் வந்த முதல் 5 நாளுக்குள் என்.எஸ்.1 என்ற ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். பரிசோதனை. காய்ச்சல் விட்ட மறுநாள் பிள்ளை துவண்டு படுப்பது, வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அரசுடையது, ஆம்புலன்ஸுக்கு 108.

தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். டைஃபாய்டும் ஹெபடைடிஸ் ஏ-யும் சிங்கப்பூர் தேசிய அட்டவணையில் இல்லை, இங்கே குழந்தை மருத்துவர்கள் போடச் சொல்வார்கள். தெருநாய் கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ரேபிஸ் தடுப்பூசி. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம்.

சம்ப்_மோட்டார்:
டெங்குன்னதும் ஞாபகம் வந்தது. ஃபிரிட்ஜ் பின்னாடி, கம்ப்ரெஸர் மேல ஒரு ட்ரே இருக்கும். அதுல தேங்கற சுத்தமான தண்ணியிலதான் டெங்கு பரப்பற ஏடிஸ் கொசு முட்டை போடும். கேன் ஸ்டாண்டுக்குக் கீழ இருக்கற தட்டும் அப்படித்தான். வாரம் ஒரு தடவை கொட்டினா மட்டும் போதாது, விளிம்பைத் தேய்ச்சுக் கழுவணும். முட்டை சுவர்ல ஒட்டி மாசக்கணக்கா காஞ்சு கிடந்தும் பொரிக்கும்.

நாலுகோடு_நோட்டு:
மகளுக்கு வருகிறேன். வயதைப் பார்த்தால் இங்கே இரண்டாம் வகுப்பு. ஆனால் அங்கே ஜனவரியில் பள்ளி தொடங்குவதால் மே மாதம் தொடக்கநிலை 1-இல் பாதிதான் முடிந்திருக்கும். பள்ளி ஒன்றா இரண்டா என்று கேட்டால் இரண்டையே கேளுங்கள் என்பது என் கருத்து. கணக்கில் பிடித்துவிடுவாள். இடிக்கப்போவது எழுத்து.

இங்கே பல பள்ளிகளில் இரண்டாம் வகுப்புக்குள் ஆங்கிலத்தைக் கூட்டெழுத்தில் எழுத எதிர்பார்ப்பார்கள், அதுவும் நாலு கோடு நோட்டில். தமிழுக்கு இரட்டைக் கோடு. வருவதற்கு முன் இரண்டு மாதம் தினம் ஒரு பக்கம் பழக்குங்கள்.

தமிழ் பேசுகிறாளே என்று விட்டுவிட வேண்டாம். தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. 2015-16 முதல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் உண்டு, ஆகவே தமிழ்ப் பாடம் கட்டாயம். வகுப்பில் டீச்சர் வேகமாகச் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். "பள்ளி", "பல்லி", "மணம்", "மனம்", "கறி", "கரி" என்று அடுத்தடுத்து வரும். பேச்சுத் தமிழில் வளரும் பிள்ளைகள் தடுக்குவது ல, ள, ழ-விலும் ர, ற-விலும்தான். தமிழ்நாடு பாடநூல் கழகத் தளத்தில் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இலவசமாகக் கிடைக்கிறது, அதிலிருந்து தினம் பத்துச் சொல் போதும்.

சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா நகல், தடுப்பூசி அட்டை, கடைசியாகப் படித்த வகுப்பைக் குறிப்பிட்டுப் பழைய பள்ளி தரும் கடிதம் வேண்டும். பல பள்ளிகளில் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கேட்பார்கள். அதே பெயரில் உங்கள் பள்ளியில் இல்லாவிட்டால் முத்திரையிட்ட விடுவிப்புக் கடிதம் வாங்கிவிடுங்கள், இங்கே வந்தபின் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

தோபாயோ_அம்மா:
ரொம்ப நன்றிங்க. மருந்துக் கணக்கை அப்படியே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டப்போகிறேன். ஒரு பள்ளியில் போனில் ஆதார் எண் கேட்டார்கள், அது எங்களுக்கு எப்படி?

ஹாடோஸ்_ரோடு:
12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்தால்தான் வெளிநாட்டவர் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை பாஸ்போர்ட் நகல் கொடுத்து, அலுவலகத்தில் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

அதைவிட அவசரம் வெளிநாட்டவர் பதிவு. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்து இறங்கிய 14 நாளுக்குள் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில். வீட்டு உரிமையாளர் உங்கள் வருகையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும் (முன்பு படிவம் சி என்று சொல்லிவந்தது). பல உரிமையாளர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, விண்ணப்பம் அங்கேதான் நிற்கும். வாடகை ஒப்பந்தம் போடும்போதே பேசிவிடுங்கள்.

கார் சீட் கொண்டுவாருங்கள், பெல்ட்டில் மாட்டுகிற வகையாக இருக்கட்டும். கால் டாக்ஸியில் சீட் கிடைக்காது. பின்சீட்டு பெல்ட்டின் பக்கிள் பெரும்பாலும் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். ஏறுவதற்கு முன்பே டிரைவரிடம், "அண்ணே, பின்னாடி பெல்ட்டை வெளிய எடுத்து வைங்க" என்று சொல்லிவிடுங்கள்.