சல்மா நாவல் ஒரு காப்பி வேணும், மதுரைப் பக்கம் யார்கிட்டயாச்சும் இருக்கா?

அக்கா அண்ணன்மாரே, எங்க பெரியம்மா பொறந்த ஊரு துவரங்குறிச்சி, அதான் நம்ம மதுரை திருச்சி ரோட்டுல மேலூர் தாண்டிப் போனா வருமே. எழுத்தாளர் சல்மாவும் அந்த ஊர்தான், சின்ன வயசுல பாத்த தெரு, வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்த பொம்பளைங்க வாழ்க்கை, அதுல இருந்துதான் 2004ல 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்துச்சு. பெரியம்மாவுக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல, ராத்திரி நான்தான் வாசிச்சுக் காட்டுவேன், அந்தச் சின்னப்பொண்ணு ராபியா வர்ற எடம் வந்தா கையப் புடிச்சுக்கிட்டு இன்னொருக்கா வாசிடாம்பாங்க. இரவல் புக்கு, பாதியிலயே திருப்பிக் குடுக்க வேண்டியதாப் போச்சு. தெனமும் கேக்குறாங்க, மனசு கஷ்டமா இருக்கு. ஒரு மாசம் குடுத்தீங்கன்னா அட்டை போட்டுப் பத்திரமாத் தந்துருவேன், மாட்டுத்தாவணிக்கே வந்து வாங்கிக்கிறேன். பழசா இருந்தாலும் பரவால்ல.