புதுப்பிப்பு: பிள்ளைகளின் கட்டுரை திருத்துவது பற்றிக் கேட்டிருந்தேன்

பரந்தனில் எங்கள் வாசிகசாலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதப் பழக்குகிறேன். திருத்திய கொப்பியைப் பார்த்ததும் சிலர் சோர்ந்து, அடுத்த கிழமை எழுதாமலே வந்தார்கள். குறையை எப்படிச் சொல்வது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

புள்ளி போடாமல் கருத்து மட்டும் எழுதச் சொன்ன அக்காவின் யோசனையை முதலில் எடுத்தேன். கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது: கருத்து மட்டும் பெற்ற பிள்ளைகளின் ஆர்வம் நிலைத்தது, புள்ளியும் சேர்ந்து வந்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஆனால் பெரிய மாற்றம் பிள்ளைகளே ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்தபோதுதான் வந்தது. வெறுமனே "நல்லா இருக்கு" என்று சொல்லக்கூடாது. பிடித்த வரியைக் காட்ட வேண்டும், பிறகு ஒரு கேள்வி கேட்க வேண்டும். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த நாளைப் பற்றி ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். பக்கத்தில் இருந்தவன், "தண்ணி இரைஞ்சு வந்ததை எழுதின இடம் நல்லாப் பிடிச்சது. உங்கட அம்மப்பா அப்ப எங்க நிண்டவர்?" என்றான். அவள் அங்கேயே இருந்து இன்னும் அரைப் பக்கம் எழுதினாள். நான் எவ்வளவு திருத்தியிருந்தாலும் அந்த அரைப் பக்கம் வந்திருக்காது.

எழுத்துப்பிழைகளை இரண்டாவது வரைவில்தான் பார்க்கிறோம்.

சரி, இப்போது பெற்றோருக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. புள்ளி இல்லாத கொப்பியைப் பார்த்து, "திருத்தவே இல்லையோ?" என்று கேட்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் இரண்டு வரைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப்போகிறேன்.