தீ துப்புகிற செடிக்கு ஒரு சொல் வேண்டும், வியாழனுக்குள்

கொடுங்கையூரிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெரு வாசகசாலையில் மாலையில் கணினி வகுப்பு எடுக்கிறேன், இங்கே சிலருக்குத் தெரியும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து தாவி ஓடுகிற ஆட்டம் ஒன்றைத் தாங்களே செய்திருக்கிறார்கள். சனிக்கிழமை பெற்றோருக்குக் காட்டுகிறோம். சுவரில் மாட்டும் பலகை முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். உயிர், கட்டம், எதிரி எல்லாம் எழுதியாயிற்று, மாட்டிக்கொண்டது ஒரே இடத்தில்தான். மேரியோ ஆட்டத்தில் பச்சைக் குழாயிலிருந்து எழும்பி வருமே, வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புத் தலையும் பல்லுமாக ஒரு செடி, அதிலேயே தீ துப்புகிற வகை. ஆங்கிலத்தில் சும்மா கடிக்கிறதுக்கு பிரானா பிளான்ட், தீ துப்புவதற்கு வீனஸ் ஃபயர் டிராப் என்று பெயர். நான் 'தீயுமிழ் செடி' என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு பையன் "தீயு, மிழ்செடின்னா என்ன மிஸ்?" என்று கேட்டான். வியாழன் இரவு அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். உதவுங்கள்.

பெரம்பூரிலிருந்து:

அம்மா, தீயுமிழ் செடியில் ஒரு குறையும் இல்லை. வினைத்தொகை. உமிழ்ந்த, உமிழ்கின்ற, உமிழும் என்று முக்காலத்துக்கும் நிற்கும், ஆட்டம் எப்போது ஆடினாலும் அந்தச் செடி அதைத்தான் செய்யப்போகிறது. அப்புறம், செடியையும் உமிழ்தலையும் சேர்த்துப் பார்த்தவர்கள் நம் ஆட்கள். குறுந்தொகை 239ஐ எடுத்துப் பாருங்கள். காந்தள் பூவில் தாது ஊதுகிற தும்பி 'பாம்பு உமிழ் மணியின் தோன்றும்' என்கிறது. பூ, வாய், அதிலிருந்து வெளியே வரும் ஒளி, மூன்றும் ஒரே இடத்தில்! பையன் தப்பாகப் பிரித்தான் என்றால் பிரிக்கக் கற்றுக்கொடுங்கள், சொல்லை மாற்றாதீர்கள். உமிழ்நீர் என்று அறிவியல் பாடத்தில் படித்தவன்தானே.

எண்ணூரிலிருந்து:

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உமிழ்வு என்றால் வேறு பொருள். அனல்மின் நிலையத்துப் புகை, சாம்பல், காற்று மாசு. செய்தியிலும் கூட்டத்திலும் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்கிறார்கள். செடி உமிழ்கிறது என்றால் கரும்புகை விடுகிறது என்றுதான் நினைப்பார்கள். கக்குவது எல்லோருக்கும் தெரியும். 'தீக்கக்கி' என்று வைக்கலாமே?

தண்டையார்பேட்டையிலிருந்து:

இவ்வளவு தூரம் எதற்கு? பிள்ளைகள் வாயில் ஏற்கனவே ஒரு சொல் இருக்கிறது. கொள்ளிவாய்ப் பிசாசு தெரியாத பிள்ளை உண்டா? கொள்ளிவாய்ச் செடி என்று எழுதுங்கள். வாயும் இருக்கிறது, தீயும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. எதிரிக்குப் பெயர் வைத்தால் கேட்டவுடன் கொஞ்சம் பயம் வர வேண்டாமா?

பெரம்பூரிலிருந்து:

தங்கச்சி, சொல் நல்ல சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் கொள்ளி வைப்பது எங்கே என்று யோசியுங்கள். பிள்ளைகள் செய்த பொருளைப் பார்க்க வரும் தாத்தா பாட்டி சுவரில் முதலில் 'கொள்ளி' என்று படிப்பார்கள். வேண்டாம்.

இராயபுரத்திலிருந்து:

நான் தமிழ் படித்தவன் இல்லை, ஆட்டம் ஆடினவன். சின்ன வயதில் பர்மா பஜாரில் வாங்கின டிவி கேமில் இதைத்தான் விடிய விடிய ஆடுவோம். இங்கே யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: அந்தச் செடி உண்மையில் என்ன செய்கிறது?

1985இல் வந்த முதல் ஆட்டத்தில் அது தீ துப்பாது. குழாயிலிருந்து ஏறும், இறங்கும், அவ்வளவுதான். நாம் குழாயை ஒட்டி நின்றால் மேலேயே வராது. தீ துப்புகிற வகை 1988இல் ஜப்பானில் வெளியான மூன்றாம் ஆட்டத்தில்தான் வந்தது, முதல் உலகத்தின் முதல் கட்டத்திலேயே ஒன்று நிற்கும். அதைக் கவனித்துப் பாருங்கள். மேலே வந்ததும் உடனே சுடாது. மேரியோ இடப்பக்கமா வலப்பக்கமா, மேலேயா கீழேயா என்று தலையைத் திருப்பிப் பார்க்கும். ஒரு கணம் நிற்கும். அப்புறம் வாயைத் திறந்து ஒரே ஒரு தீயுருண்டை, நம்மை நோக்கி. உடனே உள்ளே போய்விடும். அந்த ஒரு கணத்தில்தான் நாம் தப்பிக்கிறோம், ஆட்டமே அங்கேதான் இருக்கிறது.

கக்குவது தன்னை மீறி வருவது. பிள்ளை பாலைக் கக்கும், எரிமலை தீயைக் கக்கும். உமிழ்வதிலும் குறி கிடையாது, விளக்கு நாலு பக்கமும் ஒளி உமிழும். குறி பார்த்து வாயிலிருந்து விடுவதற்கு நம்மிடம் ஒரே சொல்தான் உண்டு, துப்புவது. 'தீத்துப்பி' என்று வையுங்கள். பிள்ளை ஒரு தடவை படித்தால் போதும்.

இன்னொன்று. 1990இல் வந்த சூப்பர் மேரியோ வேர்ல்டில் வால்கேனோ லோட்டஸ் என்று தரையில் முளைத்த செடி ஒன்று உண்டு, ஒரே நேரத்தில் நாலு தீயுருண்டையை மேலே வீசும், யாரையும் குறி வைக்காது. எண்ணூர்த் தம்பி சொன்ன தீக்கக்கியை அதற்குக் கொடுத்துவிடலாம், சொல் வீணாகாது.

பெரம்பூரிலிருந்து:

துப்பு என்ற சொல்லுக்கு உணவு, வலிமை, பவளம், தடயம் என்று எத்தனை பொருள்! 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்ற குறளில் அது உணவு. இன்னொரு பக்கம், சுடுகிற துப்பாக்கியைத் துப்பு + ஆக்கி என்று பிரித்து, குண்டைத் துப்புவதால் அந்தப் பெயர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். அது துருக்கியச் சொல்லின் வழி வந்தது. அது தெலுங்கிலும் துபாக்கி என்று இருக்கிறது, அங்கே எதைத் துப்புகிறதாம்? இப்படிக் குழம்பிக் கிடக்கிற வேரின் மேல் புதுச்சொல் கட்ட வேண்டுமா?

தவிர, இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வலி மிகாது. கனி தின்றான், தமிழ் கற்றான். 'தீ துப்பி' என்றுதான் எழுத வேண்டும். சேர்த்து எழுதினால் தீதுப்பி, 'தீது' என்று காதில் விழும்.

இராயபுரத்திலிருந்து:

ஐயா, அப்படியானால் தீக்குளித்தான் எப்படி?

தண்டையார்பேட்டையிலிருந்து:

அது தீயில் குளித்தான், ஏழாம் வேற்றுமை. அதை விட்டுவிடுங்கள் தம்பி, அதற்குள் இறங்கினால் வியாழன் போய்விடும். பெயர்ச்சொல்லாக ஒட்டி நிற்பது வேறு கதை, 'தீத்துப்பி' என் காதுக்கு உறுத்தவில்லை. நம் செடிப் பெயர்களும் இப்படித்தானே, தொட்டாற்சுருங்கி, நாயுருவி என்று செய்கிற வேலையை வைத்தே வந்தவை. ஆனாலும் கொள்ளிவாயை விட்டுவிட எனக்கு மனம் இல்லை.

வியாசர்பாடியிலிருந்து:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் துப்புவதைப் பிடித்துக்கொண்டு பெயரின் மறுபாதியை விட்டுவிட்டீர்கள். வீனஸ் ஃபயர் டிராப் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் வட, தென் கரோலினாவில் சேற்று நிலத்தில் வளர்கிற பூச்சியுண்ணும் செடி ஒன்று உண்டு, வீனஸ் ஃபிளை டிராப். ஈயைப் பிடிக்கிற பொறி. அந்த ஃபிளையை ஃபயர் ஆக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். இப்போது தமிழில் வைத்துப் பாருங்கள். அது ஈப்பொறி. இது தீப்பொறி!

ஓர் எழுத்துதான் மாறுகிறது. எலிப்பொறி என்கிறோமே, அந்தப் பொறி. அடுப்பிலிருந்து பறக்கிறதே, அந்தப் பொறியும் அதுதான். ஆங்கிலத்தில் அவர்கள் செய்த வேலை தமிழில் அதைவிட நன்றாக உட்காருகிறது. 'தீப்பொறிச்செடி' என்று வையுங்கள். இரவு முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்ணூரிலிருந்து:

அழகாக இருக்கிறது அண்ணே, உண்மையாகவே. ஆனால் தீப்பொறி என்றால் யாருக்கு எலிப்பொறி ஞாபகம் வரும்? மத்தாப்புப் பூ மாதிரி ஏதோ என்று நினைப்பார்கள். விளக்கிச் சொன்னால்தான் புரியும் என்றால் பலகைப் பக்கத்தில் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

வியாசர்பாடியிலிருந்து:

நிற்கிறேன். சனிக்கிழமை எனக்கு விடுமுறைதான். ஜப்பான்காரர்கள் வைத்த பெயரையும் பாருங்கள், பக்குன் ஃப்ளவர். லபக்கென்று வாயில் போட்டுக்கொள்கிற சத்தம் அது. பாக்-மேன் ஆட்டத்தின் பெயரும் அதே ஒலியிலிருந்து வந்ததுதான். தீ துப்புவதை ஃபயர் பக்குன் என்கிறார்கள். நாமும் 'பக்குன்னு பத்திக்கிச்சு' என்கிறோம். இரண்டுக்கும் உறவு உண்டு என்று நான் சொல்லவில்லை, ஆனால் பெயரில் ஒரு விளையாட்டு இருக்க வேண்டும் என்று இரண்டு ஊர்க்காரர்களும் நினைத்திருக்கிறார்கள். தீத்துப்பியில் அது இல்லை. வேலையை மட்டும் சொல்கிறது.

இராயபுரத்திலிருந்து:

எதிரி எதிரே வந்து நிற்கும்போது வேலையைச் சொல்கிற பெயர்தான் உதவும் அண்ணே.

கொடுங்கையூரிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நான்கு சொல்லையும் கரும்பலகையில் எழுதி, விளக்கம் எதுவும் சொல்லாமல் பிள்ளைகளைப் படிக்கச் சொன்னேன். தீப்பொறிச்செடியை எல்லோரும் சரியாகப் படித்தார்கள், எண்ணூர்த் தம்பி சொன்னது மாதிரியே மத்தாப்பு என்றுதான் பொருள் சொன்னார்கள். கொள்ளிவாய்ச் செடிக்குக் கைதட்டல் கிடைத்தது, பிறகு ஒரு பெண்பிள்ளை "எங்க ஆயா திட்டும் மிஸ்" என்றாள், இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். எங்கள் மாடியிலிருந்து இரவில் மணலி ஆலையின் நெடுங்குழாய் உச்சியில் தீ எரிவது தெரியும். குழாயும் மேலே தீயும் இருப்பதால் 'மணலிச்செடி' என்று வைக்கலாம் என்று ஒருவன் சொன்னான், அதற்குத்தான் எல்லாவற்றையும்விடச் சத்தம் அதிகம். கடைசியில் தீத்துப்பிக்குக் கைகள் கொஞ்சம் அதிகமாக எழுந்தன. பலகையில் அதுதான் போகிறது. பெரிய எழுத்தில் 'தீத்துப்பி', கீழே சின்னதாக 'குறி பார்த்துத் தீ துப்பும் செடி'.

பெரம்பூரிலிருந்து:

பிள்ளைகள் விரும்பினால் போடுங்கள். கலைச்சொல் பட்டியலில் மட்டும் என் பெயரில் தீயுமிழ் செடியையும் பதிந்துவையுங்கள். அந்த நடுவிலுள்ள 'த்' தவறு என்பதில் நான் மாறவில்லை.

வியாசர்பாடியிலிருந்து:

தீப்பொறியையும் சேர்த்துப் பதியுங்கள் மேடம். அப்புறம், நிகழ்ச்சி எத்தனை மணிக்கு?