எவோவா, சுபாருவா? முடுக்கத்தைச் சரியாக அளக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே, சிலாங்கூரிலிருந்து எழுதுகிறேன். என் நண்பர்கள் இருவரின் கார்களை ஒப்பிட உங்கள் யோசனை தேவை. ஒன்று மிட்சுபிசி எவோ 10, 2.0 லிட்டர். மற்றது சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ, 2.5 லிட்டர். இரண்டிலும் டர்போவை (என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) மாற்றி, ஈசியூவை (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மறுபடி டியூன் செய்திருக்கிறார்கள்.

போன மாதம் சிப்பாங் ஓட்டப்பாதையில் கைப்பேசிச் செயலியை வைத்து அளந்தோம். அதே எவோ, அதே ஓட்டுநர்; 0-100 (நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டும் நேரம்) ஒரு தடவை 4.6 விநாடி, அடுத்த தடவை 5.3! கைப்பேசி ஜிபிஎஸ் பெரும்பாலும் விநாடிக்கு ஒரு முறைதான் வேகத்தைப் பதிகிறது. அதற்குள் கார் 20 கி.மீ. வேகம் கூடிவிடுகிறது, அப்புறம் எதை நம்புவது?

வெயில் வேறு. சுபாருவின் இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) என்ஜினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வரிசையில் பத்து நிமிடம் நின்றபின் பானட்டைத் திறந்தால் அதன்மேல் கை வைக்க முடியவில்லை. எவோவுக்கு அது முன் பம்பருக்குப் பின்னால், காற்று நேராக அடிக்கும் இடத்தில். மூன்றாவது ஓட்டத்தில் சுபாரு சோர்ந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

விநாடிக்கு 10 முறை பதியும் ஜிபிஎஸ் பெட்டி போதுமா? கிளம்பும்போது கிளட்ச் பிடிக்கும் திறமையை விலக்க, 0-100க்குப் பதில் 100-200 அளப்பது நியாயமா? ஓட்டங்களுக்கு நடுவே எவ்வளவு நேரம் ஆறவிடுகிறீர்கள்? அளந்து பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த டிராக் நாளுக்குள் தெரிந்தால் பெரிய உதவி.